ஏழாம் பாத்தியில் நின்ற கதை

முள்ளுத்தேரியில் உப்பு கதை எழுதினது எந்த வருசம் என்று கேட்டால் ஒருத்தர் தண்ணீர்த்தொட்டி இடிந்த வருசம் என்பார், இன்னொருத்தர் அதெல்லாம் இல்லை, அந்தோணியம்மாள் மகளுக்கு இரட்டைப்பிள்ளை பிறந்த வருசம் என்பார். ஆனால் அது மே மாசம் என்பதிலும், லீவு விட்ட பிறகும் ஞானசௌந்தரி டீச்சர் பள்ளிக்கூடத்தைப் பூட்டாமல் வைத்திருந்ததால் வந்தது என்பதிலும் ஊருக்குள் யாருக்கும் மாற்றுப்பேச்சு கிடையாது.

மூன்று பக்கம் உப்பளம், ஒரு பக்கம் செம்மண் மேடாகக் கிடக்கிற தேரி, நடுவில் நூற்றுச் சொச்சம் வீடு, எட்டாம் வகுப்போடு முடிந்துபோகிற ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான் ஊர். வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும் என்பதால், மற்ற ஊரில் லீவு விட்டால் பிள்ளைகளுக்கு முறுக்குச் சுட்டுக் கொடுக்கிற அம்மாக்கள் இந்த ஊரில் கண்ணிலேயே படமாட்டார்கள். வெள்ளி முளைக்கையில் அளத்துக்குப் போனவர்கள் வெயில் உச்சிக்கு வந்த பிறகு வந்து, குளித்து, தின்று, செத்ததுபோலத் தூங்குவார்கள். பிள்ளைகள் கருவேல முள் குத்திக்கொண்டு, ஓணானைத் துரத்தி, ஓணான் கிடைக்காவிட்டால் ஒருத்தரை ஒருத்தர் துரத்தி அடித்துக்கொண்டு கிடப்பார்கள். பத்தொன்பது கோடை இதைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் இருபதாவது கோடையில், "வாங்கல, வாங்கட்டி, வந்து நெழல்ல உக்காந்து கதை எழுதுங்க" என்று கூப்பிட்டாள். பதினாலு பேர் வந்தார்கள். பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சின தாளைக் கிழித்துச் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்து ஆளுக்கொரு நோட்டு கொடுத்தாள்.

முதல் நாள் பதினாலு பேரும் பசுவைப் பற்றி எழுதினார்கள்.

"யாரு வீட்டுப் பசுல இது?" என்று ஆறாம் வகுப்புச் சுடலைமணியைக் கேட்டாள் டீச்சர்.

"பசு டீச்சர். பொதுவா."

"நம்ம ஊருல பசுவே கெடையாதேல. நீ எங்க பாத்த?"

"பாடத்துல."

டீச்சர் பதினாலு பசுவையும் அன்றைக்கே அவிழ்த்து விரட்டிவிட்டாள். இனிமேல் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். ஒருத்தர் பேசினதாக எழுதினால் அவர் பேசி நீ காதால் கேட்டிருக்க வேண்டும். கேட்காத பேச்சை அடுத்தவர் வாயில் வைக்கக் கூடாது. என்ன பேசுவார் என்று தெரியாவிட்டால் எழுந்து போய் அவரையே கேட்டுவிட்டு வந்து எழுத வேண்டும். இவ்வளவுதான் அவள் வைத்த சட்டம். மறுநாள் சுடலைமணி அவன் வீட்டு ஆட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான்.

அதற்கு மறுநாள் கிழக்கு வெளுக்கையில், அளத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி வேதமுத்து முதல் பாத்திக்குள் இறங்கப் போனவர் தூக்கின காலைத் தூக்கினபடியே நின்றார். பாத்தி என்றால் சின்ன முற்றம் அளவுக்கு வரப்பு கட்டி அதில் கணுக்கால் அளவு கடல்நீர் நிறுத்தியிருப்பது. வெயிலில் நீர் சுண்டச் சுண்ட அடியில் உப்பு பூக்கும், அதை வாருபலகையால் இழுத்து ஓரத்தில் குவிப்பார்கள். அன்றைக்கு அடியில் பூத்த உப்பு எழுத்தெழுத்தாகப் பூத்திருந்தது. எங்க ஆடு மூணு குட்டி போட்டது, நடுக்குட்டிதான் களவாணி, பக்கத்து வீட்டுப் பாயைத் தின்றுவிட்டு எங்கம்மா ஏசும்போது என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது, என்று முழம் முழமான எழுத்தில், வெள்ளைவெளேர் என்று.

"எங்க சுடலைமணி கையெழுத்துல்லா இது!" என்றாள் அவன் அம்மா. "எழுத்து ஒவ்வொண்ணும் குப்புற விழப்போற மாதிரி சாயுது பாருங்க, அவன்தான்."

ஏன் இப்படி, எதனால் இப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இருக்கிறவர்களில் மூத்த அந்தோணியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "உப்புக்கு எழுத வருது, எழுதுது. நமக்கு வரல, வாருதோம். இதுல என்னட்டி அதிசயம்?" என்றாள். ஆனால் வாசிக்காமல் வாரக்கூடாது என்று அவளே ஒரு முறையும் வைத்தாள். பிள்ளை எழுதினதைக் கேட்காமல் பலகை போட்டு இழுக்கிறது பிள்ளை பேசும்போது வாயில் அடிக்கிற மாதிரி என்றாள். கதை முடிந்த பிறகுதான் வாரவேண்டும், பாதிக்கதையை வாரினால் மிச்சக்கதை தின்கிறவன் வயிற்றுக்குள் கிடந்து உருட்டும் என்றும் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து விடியக்காலம் ஒரு பிள்ளை அளத்துக்குப் போய் வரப்பில் நின்று சத்தமாக வாசிக்கும், பொம்பளைகள் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்பார்கள், சிரிப்பார்கள், மூக்கைச் சிந்துவார்கள், பிறகு வாருவார்கள். அந்த உப்பை வாங்கிப்போன ஊர்களில் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காரணமில்லாமல் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் ஏச்சு வாங்கினார்கள் என்று லாரி டிரைவர் வந்து சொன்னான். அளத்து முதலாளி டவுனிலிருந்து காரில் வந்து இறங்கி, ஒரு எழுத்தை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "வெள்ளையாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். கங்காணி முதல் வாரம் நேரமாகுது நேரமாகுது என்று கத்தினார், இரண்டாம் வாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து, "இன்னைக்கு யாரு கதை?" என்று கேட்டார்.

டீச்சர் வைத்த சட்டத்தை டீச்சரைவிட உப்புதான் கறாராகப் பார்த்தது. மூன்றாம் வகுப்பு ராஜகிளி, கங்காணிக்குப் பயந்துகொண்டு, 'கங்காணித் தாத்தா, என் அருமை மக்களே, களைப்பாக இருந்தால் இளைப்பாறுங்கள் என்றார்' என்று எழுதிவிட்டாள். மறுநாள் பாத்தியில் மற்றதெல்லாம் கல்லாக விளைந்திருக்க, அந்த ஒரு வரி மட்டும் விளையாமல் சேறாகக் கிடந்தது.

"நான் என்னைக்குட்டி அப்படிச் சொன்னேன்?" என்று வேதமுத்துவே ஆச்சரியப்பட்டார்.

"நீரு சொல்லியிருந்தா கல்லால்லா விளைஞ்சிருக்கும்" என்றாள் அந்தோணியம்மாள்.

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகப் போன கோடையில் டீச்சருக்கு ஒரே ஒரு கவலைதான், அது செல்வகனி. எட்டாம் வகுப்பு முடித்தவள். எழுதுகிற பதினாலு பேரில் இவள் எழுதினால் மட்டும் மற்றப் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். ஒன்பதாவது படிக்க வேண்டுமானால் பஸ் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஜூன் மாசம் இவள் பஸ் ஏறப் போகிறாளா, பலகை பிடிக்கப் போகிறாளா என்பதுதான் டீச்சரை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் அம்மா இசக்கியம்மாள், புருசன் போன பிறகு ஒற்றை ஆளாக அளத்துக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தவள். டீச்சர் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"ஜூன்ல அவ என்கூட அளத்துக்கு வாறா டீச்சர்" என்றாள் இசக்கியம்மாள்.

"அருமையா எழுதுற பிள்ளைம்மா. நிறுத்தாதிய."

"எழுதட்டும், நான் வேண்டாம்னு சொல்லலியே. உப்புலதான இப்ப எல்லாரும் எழுதுதாவ? அவ அளத்துல இருந்தே எழுதட்டும்."

டீச்சர் அவள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து செல்வகனி ஒரு நீளக்கதை எழுத ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஏறவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பிள்ளையின் கதை. அந்தப் பிள்ளை பாலத்துச் சுவரில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸைப் பார்க்கிறாள், வெற்றிலை எச்சிலை ஜன்னல் வழியே துப்பிவிட்டு "முள்ளுத்தேரி எறங்கு, எறங்கு, வீட்டுல போய் தூங்கு" என்று கண்டக்டர் கத்துகிறதைக் கேட்கிறாள், கோழியோடு ஏறி முட்டையோடு இறங்குகிற ஒரு கிழவியைப் பார்க்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு பாத்தி, ஒரு நாளைக்கு ஒரு பாத்தி என்று கதை வளர்ந்தது. கதை முடியாததால் அந்தப் பாத்திகளை யாரும் வாரவில்லை. ஆறு பாத்தியிலும் உப்பு கனத்து, எழுத்து ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி எழும்பி நின்றது. ஏழாம் பாத்தி இசக்கியம்மாளே வாருகிற பாத்தி. அதில் கதை இப்படி வந்து நின்றது: அந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் கேட்டாள், எம்மா, ஜூன்ல நான் பஸ் ஏறட்டா? அதற்கு அம்மா சொன்னாள்.

அதோடு சரி. அதற்குப் பிறகு பாத்தியில் வெறும் தண்ணீர்.

அந்த அம்மா யார் என்று எல்லோருக்கும் தெரியும். வாசித்த ராஜகிளிக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த பொம்பளைகளுக்குத் தெரியும், இசக்கியம்மாளுக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வதில் அந்த ஊருக்கு நல்ல பழக்கம் உண்டு. "நல்ல எடத்துல நிறுத்திட்டா பாரு" என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். இசக்கியம்மாளும் நடந்தாள். இரண்டு நாள் ஆனது, மூன்று நாள் ஆனது. செல்வகனி நோட்டைத் திறப்பாள், பார்ப்பாள், மூடிவிடுவாள். மூன்றாம் நாள் மேற்கே ஒரு கருப்பு கட்டினது.

கங்காணி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "டீச்சரம்மா, கோடை மழை எறங்கப் போவுது. இறங்குனா ஏழு பாத்தியும் கரைஞ்சி கடலுக்குப் போயிரும். பொம்பளைங்க பலகையத் தொட மாட்டேங்காளுவ. அந்தப் பிள்ளைய எதையாவது எழுதி முடிக்கச் சொல்லுங்க."

டீச்சர் செல்வகனியைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"முடிச்சிரு மக்கா. ஏறுன்னு அம்மா சொன்னாள்னு எழுது."

"எங்கம்மா சொல்லலியே டீச்சர். கேக்காததை எழுதக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய."

"அப்ப போய்க் கேட்டுட்டு வா."

"கேக்க மாட்டேன்."

"வேண்டாம்னு சொல்லிருவான்னு பயமா?"

"இல்ல டீச்சர்." பிள்ளை நோட்டின் தையலை நகத்தால் நோண்டிக்கொண்டே சொன்னாள். "உங்ககிட்ட என்ன சொல்லியிருந்தாலும், நான் கேட்டா ஏறுன்னுதான் சொல்லும். அதான் கேக்கல. எங்கம்மாவுக்கு ரெண்டு வருசமா கண்ணு மங்கிட்டே வருது. உப்புல பட்டு அடிக்கிற வெயில்ல. வரப்பு எங்க முடியுதுன்னு தெரியல. கங்காணிக்குத் தெரிஞ்சா வேலைக்கு வேண்டாம்னுருவாரு. நான் கூட நின்னா சமாளிச்சிரும். யாருகிட்டயும் சொல்லிராதிய."

டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டவில்லை. பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருந்தது, மேற்கே கட்டின கருப்பிலும் நியாயம் இருந்தது, ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றுபோன முப்பது நாற்பது பிள்ளைகளின் முகம் இருபது வருசமாக அவளுக்குள் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. செல்வகனி விட்டுவிட்டுப் போன நோட்டை எடுத்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனா கைக்கு வந்தது. 'ஏறு மகளே, நன்றாகப் படி என்றாள் அம்மா' என்று எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டாள். தான் வைத்த சட்டத்தைத் தானே மீறுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நல்லதுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்தது. சூரியன் வந்ததும் தெரியவில்லை, அவ்வளவு மேகம். ஏழாம் பாத்தியைச் சுற்றி ஆட்கள் நிற்பதைக் கண்டு டீச்சர் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கடைசி வரி இருக்கவேண்டிய இடத்தில் செக்கச்செவேல் என்று சேறு. தாம்பூலம் துப்பினதுபோல.

இசக்கியம்மாள் பாத்திக்குள் குனிந்து இருந்தாள். அவளுக்கு எழுத்தும் தெரியாது, அந்த வெளிச்சத்தில் பார்வையும் இல்லை. விரலால் தடவித் தடவித்தான் வந்தாள். கல்லான எழுத்து, கல்லான எழுத்து, கல்லான எழுத்து, பிறகு விரல் சேற்றுக்குள் போனது. நிமிர்ந்தாள்.

"யாரு என் வாயில சேத்தை வச்சது?"

செல்வகனி டீச்சர் கையிலிருந்த நோட்டை வாங்கித் திறந்து சிவப்பு எழுத்தைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு டீச்சரால் தலை நிமிர முடியவில்லை.

"நான்தாம்மா" என்றாள் டீச்சர். "பிள்ள எழுத மாட்டேன்னுட்டா. நான்தான் ஏறுன்னு நீங்க சொன்னதா எழுதினேன். தப்புதான்."

"ஏன் டீச்சர், ஏறுன்னு சொல்ல எனக்கு வாயில்லையா? எம்பிள்ள பஸ்ஸுல போறது எனக்கு வேப்பங்காயா? அவ ஏறிப் போயிட்டா இந்த வரப்பு எங்க முடியுதுன்னு எனக்கு யாரு சொல்லுவா, நீங்க வந்து சொல்லுவியளா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்தினாள். மூன்றடி தள்ளிக் கங்காணி நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, மேகத்தைப் பார்த்து, "என்ன சொன்னா? எனக்கு ரெண்டு நாளா காது அடைச்சிருக்கு" என்றார்.

அந்தோணியம்மாள் பாத்திக்குள் இறங்கி இசக்கியம்மாளின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏட்டி கூறுகெட்டவளே, ரெண்டு வருசமா நீ வாரி முடிச்ச பெறகு பின்னாலயே ஒருத்தி பலகையப் போடுதாளே, எதுக்குன்னு நெனச்ச? எங்களுக்கு வேலை இல்லாமலா? நீ விட்டுட்டுப் போறதை நாங்க வாரிக்கிட்டுதான இருக்கோம். ஒரு நாளு நான், ஒரு நாளு சுடலைமணி அம்மா. முறை வச்சில்லா நிக்கோம்."

"எங்கிட்ட ஒருத்தியும் சொல்லலியே."

"நீ சொன்னியா?"

இசக்கியம்மாள் சேற்றுக்குள் நின்றபடி முகத்தை முந்தானையால் துடைத்தாள், துடைத்த இடத்தில் உப்பு அப்பினது. தூரத்தில் ஒரு இடி உருண்டது.

"செல்வகனி, எங்கட்டி நிக்க? நோட்டை எடு. டீச்சர் எழுதுனதை அடிச்சிரு. நான் சொல்லுதேன், எழுது. ஏறுன்னு சொன்னா அம்மா."

பிள்ளை பேனாவைத் தாளில் வைக்கவில்லை. "எம்மா, ஒனக்கு..."

"நான் இன்னும் சொல்லி முடிக்கல, ஊடால பேசாத. ஏறு. படியில நிக்காத, உள்ள போய் உக்காரு. கண்டக்டரு யாரை ஏசுனான், எவ எவகூட எடத்துக்குச் சண்டை போட்டா, டவுன் கடையில என்ன நெறத்துல சீலை தொங்குது, வாத்தியாரு என்ன பாடம் எடுத்தாரு, எல்லாத்தையும் சாயங்காலம் வந்து எனக்கு ஒண்ணுவிடாம சொல்லணும். ஒண்ணு விட்டாலும் அடி விழும். வரப்பைக் காட்ட இவளுவ இருக்காளுவளாம். நான் போகாத எடத்தைக் காட்ட எனக்கு நீதான் இருக்க. எழுதிட்டியா?"

எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணீர் விழுந்து மை கலங்கக் கலங்க எழுதினாள். அவள் எழுத எழுத, வெயிலே இல்லாத அந்தக் காலையில், இசக்கியம்மாளின் காலைச் சுற்றிச் சிவப்புச் சேறு தெளிந்து, வெளுத்து, பொரி பொரியாகக் கட்டி, எழுத்தாக எழும்பினது. ராஜகிளி சத்தமாக வாசித்தாள். ஒண்ணு விட்டாலும் அடி விழும் என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அடி விழும் என்பது மட்டும் மற்ற எழுத்தைவிட இரண்டு விரல்கடை கூடுதலாகவே எழும்பி நின்றது.

"முடிஞ்சிட்டாட்டி கதை?" என்று கேட்டாள் அந்தோணியம்மாள்.

"முடிஞ்சிட்டு ஆச்சி" என்றாள் செல்வகனி.

"அப்ப பலகைய எடுங்கட்டி!"

அப்புறம் ஒரு ஓட்டம். பொம்பளைகள் வார, ஆம்பளைகள் சுமக்க, பதினாலு பிள்ளைகளும் கூடையும் சட்டியுமாக ஓட, கங்காணியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க, டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு அள்ளினாள். கை எரிந்தது, எரியட்டும் என்று அள்ளினாள். பஸ்ஸையும் பாலத்தையும் கோழிக்கிழவியையும் கண்டக்டரையும் ஒரே குவியலாகக் குவித்து, ஓலை போட்டு மூடி, மேலே கயிறு கட்டின நிமிசத்தில் மழை பொட்டென்று இறங்கினது. எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் ஓடி ஒண்டினார்கள்.

டீச்சர் ஒரு மூலையில் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இசக்கியம்மாள் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"டீச்சரா?"

"ஆமாம்மா. என்னை மன்னிச்சிரணும்."

"அது கெடக்கு. அந்த பஸ்ஸு காலையில எத்தனை மணிக்கு?"

டீச்சர் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "உங்க பிள்ளையக் கேளுங்க. அவதான் பாலத்துல உக்காந்து பாத்திருக்கா."

"ஏழே முக்கா எம்மா" என்றாள் செல்வகனி, தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்தி.

"அதுக்குள்ள நாலு பாத்தி வாரிரலாம். வாரிட்டு அப்படியே வந்து ஒன்னை ஏத்திவிடுதேன்."

"உப்புக்காலோட வராத எம்மா, கழுவிட்டு வா. பஸ்ஸுல எல்லாரும் பாப்பாவ."

"பாக்கட்டும்" என்றாள் இசக்கியம்மாள். "எவன் எவன் பாத்தான், எப்படிப் பாத்தான்னு நீ பாத்துட்டு வந்து சொல்லு."